சீமைக் கருவேலத்தைச் சிறு கன்றிலிருந்து அகற்றத் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய்களில் சீமைக் கருவேலம் அகற்றும் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எந்தச் செய்தியை எடுத்தாலும் அதில் ஓர் எண் இருக்கும்: இத்தனை ஏக்கரில் மரங்கள் அகற்றப்பட்டன, இன்னும் இத்தனை ஏக்கர் பாக்கி. முப்பத்தோராண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எண்களோடு பகை கிடையாது. ஆயினும் இந்த ஓர் எண்ணை நம்பி வேலை செய்வது தவறு என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அகற்றிய பரப்பு எவ்வளவு என்பது ஒப்பந்தக்காரருக்குப் பணம் பட்டுவாடா செய்ய உதவும். கருவை முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பதை அது சொல்லாது.

வட்டத்தின் பரப்பு காணத் தெரிந்தவர் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஓரிடத்தில் 100 மீட்டர் ஆரமுள்ள ஒரே பெரிய கருவைக் காடு இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு சுமார் 31,400 சதுர மீட்டர், அதாவது ஏழே முக்கால் ஏக்கர். வேறோரிடத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள 100 சிறு திட்டுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் மொத்தப் பரப்பும் அதே ஏழே முக்கால் ஏக்கர்தான். இரண்டிலும் கருவை விளிம்பில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வெளியே நகர்கிறது என்றால், முதல் ஆண்டில் பெரிய காடு புதிதாகப் பிடிக்கும் நிலம் ஏறத்தாழ 630 சதுர மீட்டர். சிறு திட்டுகள் சேர்ந்து பிடிப்பது ஏறத்தாழ 6,600 சதுர மீட்டர். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பெரிய காடு ஒன்பதரை ஏக்கரை எட்டியிருக்காது; சிறு திட்டுகளோ, ஒன்றோடொன்று முட்டாதவரை, 31 ஏக்கரைப் பிடித்திருக்கும். தாளில் எழுதும்போது இரண்டும் ஒரே ஏழே முக்கால் ஏக்கர். நிலத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பரவுவது விளிம்புதான், நடுப்பகுதி அன்று. பரப்பு ஒன்றேயானாலும் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு விளிம்பு அதிகம்.

இது நான் கண்டுபிடித்த கணக்கு அன்று. அமெரிக்காவில் மைக்கேல் மூடி, ரிச்சர்டு மேக் என்ற இருவர் 1988-இலேயே களைச்செடிப் படையெடுப்புகளுக்கு இதைப் போட்டுக் காட்டி, பெரிய மையத்தை மட்டுமே வெட்டிக்கொண்டிருப்பதைவிட, அதிலிருந்து தெறித்து விழுந்து புதிதாக வேர்பிடித்துள்ள சிறு திட்டுகளைத் தேடி அழிப்பதே பரவலைக் கட்டுப்படுத்த அதிகம் உதவும் என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் நம் கண்மாய்க் கரைக்கு அந்தக் கணக்கு வந்து சேரவில்லை.

வந்து சேராததற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. ஏல முறைதான் காரணம். எங்கள் ஊர்க் கண்மாயில் சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்ட ஏலம் விட்டார்கள். எடுத்தவர் போட்ட முதலை விறகிலும் கரியிலும் எடுத்தாக வேண்டும். ஆகவே இயந்திர ரம்பத்தோடு வந்தவர்கள் கண்மாயின் நடுவில் தொடைப் பருமனுக்குத் தடித்திருந்த மரங்களை வெட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கரையின் வெளிச்சரிவிலும் வரத்துக்காலின் இரு பக்கத்திலும் இடுப்பளவுக்கு நின்றவற்றை யாரும் தொடவில்லை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். “வாத்தியாரய்யா, இதெல்லாம் எடைக்குத் தேறாது” என்றார். அவர் மேல் தவறில்லை. எடைக்குத் தேறாத அந்தக் கன்றுகள்தாம் அடுத்த பத்தாண்டின் காடு என்பது அவருடைய ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. வெட்டிய தூர்களையும் அரையடி உயரத்தில் அப்படியே விட்டுச் சென்றார்கள். ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு தூரிலிருந்தும் ஐந்தாறு தளிர் கிளம்பி, மறு ஆண்டு கண்மாய் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு மனு எழுதினேன். இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தது: பணி முடிந்துவிட்டது என்று.

உயிரினங்கள் ஒரு நிலப்பரப்பில் எப்படிப் பரவுகின்றன என்பதைக் கணிதமாக எழுதும் முயற்சிக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயது ஆகிறது. 1937-இல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷரும், அதே ஆண்டில் ரஷ்யாவில் கோல்மோகோரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே சமன்பாட்டை வந்தடைந்தார்கள். ஃபிஷர் நினைத்தது ஒரு மக்கள்தொகைக்குள் பரவும் மரபணுவை. ஆனால் செடிக்கும் விலங்குக்கும் அதே சமன்பாடு பொருந்தியது. அதில் இரண்டே அளவுகள் உண்டு. ஒன்று, உயிரினம் இருந்த இடத்தில் எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்ற பெருக்க வீதம். மற்றொன்று, அதன் சந்ததி எவ்வளவு தூரம் விலகிப் போய் விழுகிறது என்பதைச் சொல்லும் பரவல் கெழு. இவ்விரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை இரண்டால் பெருக்கினால், படையெடுப்பின் முன்வரிசை எந்த வேகத்தில் நகரும் என்பது கிடைத்துவிடும்.

அந்த வர்க்கமூலத்தில்தான் நமக்கான செய்தி இருக்கிறது. கருவையின் பெருக்கத்தை நாம் பாடுபட்டுப் பாதியாகக் குறைத்தாலும் அது முன்னேறும் வேகம் பாதியாகாது. 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே குறையும். ஆனால் பரவல் கெழு என்பது விதை நகரும் தொலைவின் வர்க்கத்தைச் சார்ந்தது. வர்க்கமும் வர்க்கமூலமும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால், விதை பயணிக்கும் தொலைவைப் பாதியாக்கினால் வேகமும் நேராகப் பாதியாகிவிடும். அதாவது மரத்தை வெட்டுவதில் செலவிடும் ஒரு பங்கு முயற்சியைவிட, விதையின் பயணத்தைத் தடுப்பதில் செலவிடும் அதே பங்கு முயற்சிக்குப் பலன் கூடுதல். நம் திட்டங்கள் அனைத்தும் முதலாவதைப் பற்றியவை. இரண்டாவதைப் பற்றி ஒரு சுற்றறிக்கையும் என் கண்ணில் பட்டதில்லை.

இச்சமன்பாடு வெறும் தாள் வித்தை என்று நினைப்பவர்களுக்காக ஓர் உதாரணம். 1905-இல், இன்றைய செக் நாட்டில், பிராகா நகருக்கு அருகே, வட அமெரிக்காவைச் சேர்ந்த கஸ்தூரி எலிகள் ஐந்தை ஒரு பிரபு தம் நிலத்தில் விட்டார். அவை மத்திய ஐரோப்பா முழுவதும் பரவின. 1951-இல் ஸ்கெல்லம் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், அந்த எலிகள் பிடித்திருந்த பரப்பை ஆண்டுவாரியாக வரைபடத்திலிருந்து அளந்து, ஒவ்வொரு பரப்புக்கும் வர்க்கமூலம் கண்டு, ஆண்டுக்கு எதிராகப் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழுந்தன. மலை, ஆறு, காடு, ஊர் என்று நிலம் எத்தனை விதமாக இருந்தபோதும், மொத்தத்தில் அலை ஒரே சீரான வேகத்தில் விரிந்திருந்தது.

அதே கட்டுரையில் ஸ்கெல்லம் தோல்வியுற்ற இடமும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பனியுகம் முடிந்த பிறகு ஓக் மரங்கள் பிரிட்டனின் தெற்கிலிருந்து வடக்கு வரை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கணக்கிட்டார். கொட்டை மரத்தடியில் விழுந்து முளைப்பது மட்டுமே வழி என்றால், கிடைத்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அம்மரம் அந்தத் தூரத்தைக் கடந்திருக்கவே முடியாது. ஆகவே பறவைகளோ விலங்குகளோ கொட்டையைத் தூக்கிச் சென்றிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் கருவையைப் பற்றி இதே போன்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்: “ஏரோப்ளேன்ல இருந்து தூவிவிட்டாங்க” என்பார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் 1877-இல் ஜமைக்காவிலிருந்து வரவழைத்த விதைகள் ஊன்றப்பட்டதாக வனத்துறைக் குறிப்புகள் கூறுகின்றன. அதன் பின் பல இடங்களில் மனிதர்களே வேலிக்கென்றும் விறகுக்கென்றும் விதைத்தார்கள். எப்படி வந்தது என்ற வழக்கை இங்கே நான் தொடங்கப்போவதில்லை. ஆனால் விமானக் கதையின் பின்னே ஒரு சரியான கணக்கு உள்ளுணர்வு இருக்கிறது. மரத்தடியில் நெற்று விழுந்து, முளைத்து, வளர்ந்து, காய்த்து, மீண்டும் விழுந்து என்று போனால், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்பதைப் பெரியவர்கள் கண்ணாலேயே அளந்துவிட்டார்கள். விதையைத் தூக்கிச் செல்வது எது என்பதுதான் பாக்கிக் கேள்வி.

விடை ஆட்டின் வயிற்றிலும் மாட்டின் வயிற்றிலும் இருக்கிறது. கருவை நெற்று இனிப்பானது. கோடையில் மேய்ச்சல் காய்ந்துவிட்ட நேரத்தில் கால்நடைகள் அதைத் தேடித் தின்னும். விதையின் தோல் கடினமானதால் ஒரு பகுதி மெல்லப்படாமல், சிதையாமல், சில நாள் கழித்துச் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வருகிறது. வயிற்றில் ஊறி வந்ததால் முளைப்பதும் எளிதாகிறது. ஒரு முறை, ஆட்டுக்கிடை போட்டு மூன்று மாதம் ஆன வயல் ஒன்றின் வரப்போரம் குனிந்து பார்த்தேன். மழையில் ஊறிக் கரைந்திருந்த புழுக்கையின் நடுவே, இரண்டு விதையிலையும் சிறகுபோன்ற முதல் இலையும் விட்டு, விரல் நீளத்துக்குக் கருவைக் கன்றுகள் நின்றன. ஒரு பாய் விரிக்கும் இடத்தில் எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். நெல் வைக்கும் வயலில் உழவு அவற்றை அழித்துவிடும். தரிசாகப் போட்ட வயலில் யார் அழிப்பது?

எங்கள் மாவட்டத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக மந்தையோடு காவிரிப் பாசனப் பகுதி வரை நடந்தே செல்வது பரம்பரை வழக்கம். நிலத்துக்கு உரமும் அவர்களுக்குப் பிழைப்பும் தரும் அந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் விதை நகரும் தொலைவு என்று சமன்பாட்டில் நான் மேலே சொன்ன அளவை, மரத்தடியில் விழும் சில மீட்டரிலிருந்து பல கிலோமீட்டராக மாற்றுபவை மந்தைகள்தாம் என்பதையும் மறைக்க முடியாது. பெரும்பாலான விதைகள் பக்கத்திலேயே விழுந்தாலும், மிகச் சில விதைகள் வெகுதூரம் போகுமானால், பரவல் சீரான வேகத்தில் நில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிக்கொண்டே போகக்கூடும் என்று 1996-இல் மார்க் காட் முதலிய கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். ஃபிஷரின் சீரான அலை அங்கே உடைந்துவிடுகிறது. பரவலின் போக்கைத் தீர்மானிப்பது சராசரி விதை அன்று, விதிவிலக்கான விதை.

இதற்குச் செய்யக்கூடியது பெரிய காரியமும் அன்று. சீமைக் கருவேல இனமும் அதன் உறவினங்களும் களையாகிவிட்ட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நெற்று தின்ற மாடுகளை வேறிடத்துக்கு ஓட்டுமுன் சுமார் ஒரு வாரம் ஓரிடத்தில் அடைத்து வைக்குமாறு பரிந்துரைக்கிறார்கள். வயிற்றில் உள்ள விதை அங்கேயே விழுந்துவிடும். முளைப்பதை அங்கேயே பிடுங்கிவிடலாம். நெற்று உதிரும் மாதங்களில் புறப்படும் மந்தைகளுக்கு, கீதாரிகளோடு கலந்து பேசி, தீவனமும் தண்ணீரும் கொடுத்து, இப்படி ஒரு தங்கலை அரசே ஏற்பாடு செய்தால் ஆகும் செலவு, இயந்திரங்களுக்குக் கொடுக்கும் ஒரு நாள் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

இனி கண்மாய்களுக்கு வருகிறேன். வேளாண் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஆராய்ந்த ரிச்சர்டு லெவின்ஸ் 1969-இல் இன்னொரு வகைக் கணக்கை முன்வைத்தார். அதில் தனித்தனிப் பூச்சிகளை எண்ணுவதில்லை. எத்தனை வயல்களில் பூச்சி இருக்கிறது, எத்தனை வயல்களில் இல்லை என்பதை மட்டுமே எண்ணுகிறோம். வயலுக்குப் பதில் கண்மாய் என்று வைத்துக்கொண்டால், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களுக்காகவே எழுதியது போல் இருக்கும். கருவை புகுந்த கண்மாய் பிற கண்மாய்களுக்கு விதையைக் கடத்தும் வேகம் ஒன்று. கருவை புகுந்த கண்மாய் முற்றாகச் சுத்தமாகும் வேகம் மற்றொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால், எத்தனை பங்கு கண்மாய்களில் கருவை நிலையாகத் தங்கிவிடும் என்பது கிடைக்கும்.

விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களைச் சொல்கிறேன். கருவை புகுந்த ஒரு கண்மாய், சுற்றிலும் வெற்றுக் கண்மாய்களாகவே இருந்தால், பத்தாண்டில் மூன்று கண்மாய்களுக்கு அதைக் கடத்தும் என்றும், கருவை உள்ள பத்துக் கண்மாய்களில் ஆண்டுக்கு ஒன்றை நாம் முழுமையாகச் சுத்தம் செய்கிறோம் என்றும் கொண்டால், எத்தனை ஆண்டு உழைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு கண்மாய்களில் கருவை இருந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்யும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மூன்றில் ஒரு பங்கு எஞ்சும். இரட்டிப்பாக்குவதோடு, விதை கடத்தப்படும் வேகத்தையும் பாதியாக்கினால், விடை பூச்சியம். எந்த ஒன்றைத் தனியாகச் செய்தாலும் கிடைக்காத விடை இது. மேலும் இக்கணக்கில் “சுத்தம்” என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: தூர் இல்லை, கன்று இல்லை, மண்ணில் முளைக்கக் காத்திருக்கும் விதையும் இல்லை. மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய நாளைச் சுத்தமான நாளாக எழுதுவது கணக்கில் பொய்யான பதிவு.

லெவின்ஸ் எல்லா வயல்களும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டார். நம் கண்மாய்கள் அப்படியில்லை. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது; அதிலிருந்து அடுத்ததற்கு. கருவை நெற்று மிதக்கும். ஆகவே வெள்ளத்தில் விதை ஒரே திசையில் பயணிக்கிறது. கீழே உள்ள கண்மாயைப் பல லட்சம் செலவிட்டுச் சுத்தம் செய்துவிட்டு, மேலே உள்ளதை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைத்தால், ஐப்பசி மழையிலேயே விதை திரும்ப வந்து இறங்கிவிடும். வரத்துக்கால்களும் கலுங்கு ஓடைகளும் எந்த ஊராட்சிக்குச் சொந்தம், எந்தத் துறைக்குச் சொந்தம் என்ற தகராறில் இரண்டு கரையிலும் கருவையோடு நிற்பதை எவரும் பார்க்கலாம். தொடரின் தலைக் கண்மாயிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும் என்பதற்குச் சமன்பாடுகூடத் தேவையில்லை. மடை திறக்கும் நீர்பாய்ச்சியைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இக்கணக்குகளை நான் வேதவாக்காக முன்வைக்கவில்லை. பெருக்க வீதமும் பரவல் கெழுவும் என்றும் மாறாதவை என்று இக்கணித மாதிரிகள் வைத்துக்கொள்கின்றன. உயிரினங்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. 1935-இல் கரும்பு வண்டுகளை ஒழிக்கக் குயின்ஸ்லாந்தில் விடப்பட்ட கரும்புத் தேரைகள் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்தவை, பின்னர் அதைப் போல ஐந்து மடங்கு வேகத்தை எட்டின. முன்வரிசையில் இருந்த தேரைகளுக்குக் கால்கள் நீளமாக இருப்பதை 2006-இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். என் முதல் கணக்கிலும் ஓட்டை உண்டு. புதிய திட்டுகள் அனைத்தும் ஒரு பெரிய காட்டிலிருந்தே விடாமல் தெறித்து வருமானால், அந்தக் காட்டைக் காலவரையின்றி அப்படியே விட்டுவைக்க முடியாது. அதனால்தான் நெற்று உதிரும் காலத்தில் பெரிய காட்டுக்குள் கால்நடை நுழையாமல் பார்ப்பதும் சிறு திட்டுகளைப் பிடுங்குவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்கிறேன்.

வேறொரு காரணத்துக்காகவும் இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரிய வைத்தது இந்த மரம்தான் என்பதை அவர்கள் சொல்லும்போது மறுக்க என்னால் முடிந்ததில்லை. மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை 2017-இல் இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது எழுந்த சச்சரவில் பாதி இதைப் பற்றியதே. சிறு திட்டுகளையும் கன்றுகளையும் முதலில் அகற்றுவது அவர்கள் பிழைப்பைத் தொடுவதில்லை, ஏனெனில் கன்றிலிருந்து கரி கிடைப்பதில்லை. பெரிய காடுகள் கடைசியில்தான் வரும். அதற்குள் மாற்று வழி பார்க்கச் சில ஆண்டுகள் கிடைக்கும்.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டுள்ளது. அதன்படி நடக்கும் பணிகளில் கூலியை எடைக்கோ ஏக்கருக்கோ கணக்கிடாமல், பிடுங்கிய கன்றுக்கும், மறு ஆண்டு வந்து பார்க்கும்போது வெறுமையாக இருக்கும் இடத்துக்கும் கணக்கிட வேண்டுமென்று சம்பந்தப்பட்ட துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்குப் பிந்தைய ஈரத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்றை ஒரு மண்வெட்டியால் தூரோடு எடுத்துவிடலாம். நூறு நாள் வேலைக்கு வரும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு காலை வேலை. அதே கன்றை ஐந்து வருடம் விட்டுவைத்தால் ஜேசிபி வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பணி பற்றிச் செய்தி சேகரிக்கும் நிருபர், எத்தனை ஏக்கர் என்று கேட்டு முடித்த பிறகு, இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும்: சென்ற ஆண்டு கருவையே இல்லாதிருந்து இந்த ஆண்டு முதன்முதலாகக் கன்று தென்பட்ட கண்மாய்கள் எவை? இரண்டாண்டுக்கு முன் சுத்தம் செய்ததாக எழுதப்பட்டவற்றில் இன்றும் சுத்தமாக இருப்பவை எத்தனை? எங்கள் ஒன்றியத்தைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலைத் தயாரிக்க என் பழைய மாணவர்கள் சிலர் கைப்பேசியும் கையேடுமாகத் தலைக் கண்மாயிலிருந்து நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை பதினோரு கண்மாய் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.